பாம்புச்செவியின் நாலாவது இன்ஜின்

மூன்றாவது இன்ஜினும் போய்ச் சேர்ந்தது என்று தெரிந்ததும் பாம்புச்செவி முதலில் பெட்ரோலைத் திட்டினார். அடுத்து பிஸ்டன் வார்த்தவனைத் திட்டினார். அதற்கடுத்து, கேம் ஷாஃப்ட் கடைந்து கொடுத்த லேத்துக்காரனின் ஏழு தலைமுறையையும் இழுத்தார். எல்லாரையும் திட்டி முடித்துத் திரும்பிப் பார்த்தால் பட்டறையில் மிச்சம் இருந்தது மச்சினன் ஒருவன்தான். கோபமோ இன்னும் தீரவில்லை. அவனையும் திட்டினார்.

"எல்லாம் உன் டர்போவாலதான்டா! நான் கட்டுன இன்ஜின் பேசாம ஓடிக்கிட்டு இருந்துச்சு. காத்தை ஊதி ஊதி அது வயித்தை வெடிக்க வச்சுட்ட!"

"மாமா, முதல் இன்ஜின் உடைஞ்சப்போ நாம டர்போவே மாட்டலையே?" என்றான் மச்சினன்.

"இப்ப அதுவா முக்கியம்?"

மேசைமேல் பழைய துணி விரித்து, உடைந்த பிஸ்டனை அதில் கிடத்தியிருந்தார்கள். அதன் விளிம்பு எலி கரம்பிய சோப்புக்கட்டி போல இருந்தது. ரிங் உட்காரும் வரம்பு துண்டாகிக் கிடந்தது. முந்தைய இரண்டு இன்ஜின்களின் பிஸ்டன்களும் அலமாரியில் இருந்தன. அவற்றிலும் அதே இடத்தில் அதே காயம். ஒரே காயம் மூன்று தடவை வந்தால் அடித்தவன் ஒரே ஆள்தான் என்று சின்னப்பிள்ளைகூடச் சொல்லிவிடும். பாம்புச்செவிக்கு மட்டும் மூன்று தனித்தனித் திருடர்கள் தெரிந்தார்கள்.

பாம்புச்செவி என்பது தொழில் கொடுத்த பட்டம். வண்டி தெருமுனையில் திரும்பும்போதே, உட்கார்ந்த இடத்தைவிட்டு எழாமல், "ரெண்டாவது சிலிண்டர்ல வால்வு சரியா மூடல, உள்ள கொண்டா" என்று சொல்லிவிடுவார். பிரித்துப் பார்த்தால் அப்படியே இருக்கும். நாலு பட்டறை ஏறி இறங்கிய வண்டியெல்லாம் கடைசியில் இவர் காதுக்குத்தான் வரும். வேறு எதில் இல்லாவிட்டாலும் அந்த ஒரு விஷயத்தில் மனுஷனுக்குக் கர்வம் உண்டு. கர்வம் இருக்கலாம், தப்பில்லை. அதைக் கழற்றித் துடைத்து வைக்கவும் தெரிய வேண்டும், அதுதான் அவருக்கு வராது.

விஷயம் தெரியாதவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஓர் இன்ஜினிடம் கூடுதலாக வேலை வாங்க மூன்று வழி உண்டு. அதன் வாயை இன்னும் அகலமாக, இன்னும் அதிக நேரம் திறந்துவைத்து மூச்சு வாங்கச் செய்யலாம். அது கேம் ஷாஃப்ட்டின் வேலை. வாங்கிய மூச்சை இன்னும் சின்ன இடத்தில் போட்டு நெருக்கலாம். அதற்குக் கம்ப்ரஷன் என்று பெயர். அல்லது, வெளியே போகிற புகையை வைத்தே ஒரு விசிறியைச் சுழற்றி, காற்றைக் கழுத்தைப் பிடித்து உள்ளே தள்ளலாம், அது டர்போ. மூன்றில் ஒன்றைச் செய்கிறவன் கெட்டிக்காரன். இரண்டைச் செய்கிறவன் துணிச்சல்காரன். மூன்றையும் ஒரே இன்ஜினில் செய்கிறவனுக்கு என்ன பெயர் என்று பாம்புச்செவியின் மனைவியிடம் கேட்டால் சொல்வாள். அச்சில்தான் ஏற்ற முடியாது.

நெருக்கலும் ஊதலும் சேர்ந்தால் உள்ளே சூடு தலைக்கேறும். பிளக் பொறி வைத்து ஒழுங்காக எரிய வேண்டிய பெட்ரோல், பொறுமையில்லாமல் ஒரு மூலையில் தானாகவே வெடிக்கும். வெடித்து பிஸ்டனைச் சுத்தியல்போல் அடிக்கும். பட்டறையில் அதை நாக்கிங் என்பார்கள். தகர டப்பாவில் நாலு பொடிக்கல்லைப் போட்டு ஆட்டினால் வருமே, அந்த மாதிரிச் சன்னமான சத்தம். பொறி விழும் நேரத்தை, அதாவது டைமிங்கை, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, அந்தச் சத்தம் எட்டிப் பார்த்ததும் கொஞ்சம் இறக்கிவிட வேண்டும். அப்போது இன்ஜின் முழு பலத்தோடும் இருக்கும், உயிரோடும் இருக்கும். இதற்கென்று பாம்புச்செவி ஒரு செப்புக் குழாயின் முனையைத் தட்டையாக்கி இன்ஜினில் முடுக்கி, மறுமுனையில் ரப்பர் குழாய் செருகி, அதைக் காதை மூடும் ஒரு பழைய ஹெட்போன் கூட்டில் கொண்டுபோய்ச் சேர்த்திருந்தார். அதை மாட்டிக்கொண்டு கண்ணை மூடிக் கேட்பார். பக்கத்தில் யாரும் இருமக்கூடக் கூடாது.

மச்சினனிடம் வேறு ஒன்று இருந்தது. பட்டன் அளவு சென்சார். இன்ஜினில் ஒட்டவைத்தால் நாக்கிங் வரும்போது லேப்டாப்பில் சிவப்புக் கோடு எகிறும். முதல் இன்ஜினில் மாட்டிய முதல் நாளே கோடு எகிறியது.

"அது நாக்கிங் இல்லடா," என்றார் பாம்புச்செவி. "கேம் ஷாஃப்ட்டை மாத்தியிருக்கோம்ல, வால்வு எல்லாம் டக்கு டக்குனு அடிக்கத்தான் செய்யும். உன் பெட்டிக்கு ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியல. குழாய்ல நான் கேட்டேன், ஒண்ணும் இல்ல. நிறுத்து அதை."

அவர் சொன்னது முழுப் பொய்யும் இல்லை. முரட்டு கேம் போட்ட இன்ஜினில் இந்தச் சென்சார்கள் ஏமாந்துபோவது உண்டு. அதனால் மச்சினன் வாயை மூடிக்கொண்டு நிறுத்திவிட்டான். அக்காவின் புருஷன், அதிலும் பாம்புச்செவி. யார் எதிர்த்துப் பேசுவது?

இந்த இன்ஜின்கள் எல்லாம் யாருக்காக? மகளுக்காக. வருஷம் ஒரு முறை மலைச் சாலையை அடைத்துவிட்டு ஒரு பந்தயம் நடக்கும். ஒவ்வொரு காராக அடிவாரத்தில் இருந்து கிளம்பி உச்சிக்கு ஏற வேண்டும். குறைந்த நேரத்தில் ஏறுகிறவர் ஜெயித்தவர். பாம்புச்செவியின் மகள் ஸ்டியரிங்கைப் பிடித்தால் வளைவுகள் தாமே வழிவிடும் என்று பார்த்தவர்கள் சொல்வார்கள். போன வருஷமும் அதற்கு முந்தின வருஷமும் அவள்தான் முந்தியிருக்க வேண்டும். இரண்டு தடவையும் பாதி மலையில் புகை கிளம்பி, கயிறு கட்டி இழுத்துக்கொண்டு இறங்கினார்கள். இந்த வருஷமோ பயிற்சி ஓட்டத்திலேயே கதை முடிந்துவிட்டது.

உடைந்த பிஸ்டனை மகள் கையில் எடுத்துப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். திட்டவில்லை. திட்டியிருந்தாலாவது பதிலுக்குத் திட்டியிருக்கலாம்.

"அப்பா, அந்தப் பெரிய டீம்ல என்னைக் கூப்பிட்டுக்கிட்டே இருக்காங்க. உங்ககிட்ட சொல்லல."

"யாரு, அந்தப் பளபளப்புச் சட்டைக்காரனுங்களா? அவனுங்களுக்கு இன்ஜின் எந்தப் பக்கம் இருக்குனு தெரியுமா?"

"அவங்க இன்ஜின் மேல வரைக்கும் போகுதுப்பா." அவள் பிஸ்டனைத் துணிமேல் வைத்தாள். "நாலாவது ஒண்ணு கட்டுங்க. ஜெயிக்கணும்னு இல்ல. உடையாம உச்சிக்குப் போச்சுன்னா நான் உங்ககூடத்தான். இல்லேன்னா அங்க போயிடுறேன். கோவிச்சுக்காதீங்க."

பாம்புச்செவி மகளைப் பார்த்தார். நடக்கப் பழகும் முன்பே ஸ்பேனரைக் கடித்துக்கொண்டு இந்தப் பட்டறைத் தரையில் தவழ்ந்தவள். அவளை இன்னொருத்தன் கட்டிய இன்ஜினில் உட்காரவைத்துவிட்டு, தான் வேலிக்கு வெளியே நின்று கை தட்டுவதா? அதைவிடப் பட்டறையை இழுத்துப் பூட்டிவிடலாம். ஆனால் இதையெல்லாம் சொல்லவா முடியும்? "சரி சரி, கட்டுவோம்" என்று மட்டும் சொன்னார்.

வீட்டுக்குப் போனால் அங்கே வேறு கச்சேரி.

"துணி துவைக்கிற மிஷின் முடிஞ்சு போச்சுன்னு அவ்வளவு நேரமா கத்திக்கிட்டு இருக்கு. பக்கத்துலதானே உக்காந்திருக்கீங்க? எழுந்து ஒரு பட்டனை அமுக்கினா என்ன?" என்றாள் மனைவி.

"கேட்டுச்சு, கேட்டுச்சு. யோசனைல இருந்தேன்."

"உங்ககிட்ட சொல்றதும் செவிடன் காதுல சங்கு ஊதுறதும் ஒண்ணு."

இது அந்த வீட்டில் தினமும் விழுகிற வசனம். அவளுக்கும் அலுக்கவில்லை, அவருக்கும் உறைக்கவில்லை.

அவருக்கு அந்த வாரம் எதைத் தொட்டாலும் எரிச்சல். வேனைப் பின்னால் எடுக்கும்போது கேட் தூணில் இடித்தார். பின்னால் தூண் வந்தால் கத்தவேண்டிய பீப்பர் கத்தவே இல்லை என்று, அதைக் கழற்றி வீசிவிட்டுப் புதிதாக ஒன்று வாங்கி மாட்டினார். அதுவும் கத்தவில்லை, தூணுக்கு இன்னோர் அடி விழுந்தது. புதியதைக் கடைக்காரரிடம் எடுத்துப் போனார். கடைக்காரர் அதை பேட்டரியில் தொட்டுக் காட்டி, "நல்லாத்தானே சார் கத்துது?" என்றார். பட்டப்பகலில் முகத்துக்கு நேரே இப்படி ஒரு பொய்யா? பாம்புச்செவி கடையை ரெண்டாக்கிவிட்டு, பீப்பரைப் பட்டறை அலமாரியில் பிஸ்டன்களுக்குப் பக்கத்தில் எறிந்தார். உலகமே கூட்டுச் சேர்ந்து தனக்கு ஓட்டைச் சாமான்களை விற்கிறது என்ற முடிவுக்கு அன்று வந்துவிட்டார்.

நாலாவது இன்ஜினை அவர் கட்டிய அழகைச் சொல்லத்தான் வேண்டும். புது பிஸ்டன்களை ஒவ்வொன்றாக எடைபோட்டு, மயிரிழை அதிகமாக இருந்ததை அரத்தால் ராவிச் சமமாக்கினார். சிலிண்டர் மூடியான ஹெட்டின் காற்றுப்பாதைகளைக் கையால் தேய்த்து வழவழப்பாக்கினார். கேம் ஷாஃப்ட்டைக் கண்ணாடிபோல் துடைத்து எண்ணெய் பூசிப் படுக்கவைத்தார். மச்சினன் மட்டும் இடையில் ஒரு தடவை, "மாமா, டர்போ இருக்குறப்போ கம்ப்ரஷனைக் கொஞ்சம் குறைச்சுக்கலாமே" என்று சொல்லிப் பார்த்தான்.

"டர்போ சூடாகி ஊதறதுக்கு முன்னாடி வளைவுல இருந்து வண்டியைத் தூக்கி விடுறது யாரு? உங்க அப்பாவா? கம்ப்ரஷன்டா! அது இருக்கட்டும்."

பிடித்த முயலுக்கு மூன்றே கால். மச்சினன் ஊதலின் அளவைக் கூட்டிக் குறைக்கும் சின்னத் திருகை மட்டும், தனக்குத் தெரிந்த வரைக்கும், குறைவில் வைத்தான்.

காரை உருளைகளின்மேல் ஏற்றி, சங்கிலி போட்டுக் கட்டி, நின்ற இடத்திலேயே ஓடவைத்து டைமிங் பார்க்கும் நாள் வந்தது. மகள் ஸ்டியரிங்கில். மச்சினன் லேப்டாப்பில். பாம்புச்செவி குழாயைக் காதில் மாட்டிக்கொண்டு கண்ணை மூடினார். இன்ஜின் சுமையை இழுத்து உறுமியபோது பட்டறையின் தகரக் கூரை அதிர்ந்தது. அவர் கட்டைவிரலை உயர்த்தினார். ஏற்று. மச்சினன் ஏற்றினான். மறுபடி கட்டைவிரல். இன்னும் ஏற்று. மூன்றாவது தடவையும் கட்டைவிரல் உயர்ந்தபோது மகள் காலை எடுத்துவிட்டு இறங்கி வந்தாள்.

"நான் ஒரு தடவை கேக்கறேன்பா. நான் ஓட்டப்போற இன்ஜின்தானே."

அவருக்கு உள்ளூரச் சந்தோஷம்தான். "கேட்டுப் பழகிக்கோ. எல்லாருக்கும் வராது" என்று குழாயைக் கொடுத்துவிட்டு ஸ்டியரிங்கில் போய் உட்கார்ந்து, ஆக்ஸிலரேட்டரை மிதித்தார்.

மிதித்த மாத்திரத்தில் மகள் ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தாள். வாயைத் திறந்து கத்துவதும் இரண்டு கையையும் ஆட்டுவதும் கண்ணாடி வழியே தெரிந்தது.

"என்ன ஆச்சு?" என்று காலை எடுத்துவிட்டுக் கண்ணாடியை இறக்கினார்.

"டப்பாவுல கல்லு போட்டு ஆட்டுற மாதிரி இருக்குப்பா! விடாம வருது!"

"அது கேம் ஷாஃப்ட் சத்தம். பழக்கமில்லாததால பயந்துட்ட."

"கேம் சத்தம் கனமா, டக்கு டக்குனு கேக்குது. அது வேறப்பா. இது அதுக்கு மேல, சன்னமா. உங்களுக்குக் கேக்கல?"

"கேட்டேனே. ஒண்ணும் இல்லையே."

பட்டறையின் உள்ளறையில் சாமான் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த மனைவியை மகள் கையைப் பிடித்து இழுத்து வந்தாள். இன்ஜினுக்கும் அவளுக்கும் ஸ்நானப்பிராப்தி கிடையாது. ஹெட்போனை மாட்டிக்கொண்டவள், இன்ஜின் உறுமியதும், "என்னடி இது, கல்லு மாதிரி கலகலங்குது?" என்றாள். மச்சினன் யாரையும் கேட்காமல் சென்சாரைப் போட்டான். லேப்டாப்பில் சிவப்புக் கோடு கூரையைத் தொட்டது. அவன் முகத்தில் ஜெயித்த களை ஒன்றும் இல்லை. பயந்துபோயிருந்தான்.

பாம்புச்செவி இன்ஜினை நிறுத்திவிட்டு மேசைப் பக்கம் திரும்பிக்கொண்டார். ஸ்பேனர்களை அளவுவாரியாக அடுக்கத் தொடங்கினார். அவை ஏற்கெனவே அளவுவாரியாகத்தான் இருந்தன. "மூணு பேரும் சேர்ந்துக்கிட்டு எனக்குப் பாடம் எடுக்குறீங்களா? எத்தனை வருஷமா இந்தக் காதை வச்சுச் சோறு போடுறேன் தெரியுமா?" என்று சுவரைப் பார்த்துப் பேசிக்கொண்டே போனார். பேசப் பேச, பின்னால் யாரும் பதில் சொல்லாதது அவருக்கு ஒரு மாதிரியாக இருந்தது. திரும்பினார்.

மகள் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். மச்சினன் தரையைப் பார்த்தான். மனைவி கையில், அலமாரியில் அவர் எறிந்த அந்தப் பீப்பர். அதன் இரண்டு ஒயர்களையும் பேட்டரியில் தொட்டுப் பிடித்திருந்தாள்.

"அது வேலை செய்யாது," என்றார் அவர்.

"கத்திக்கிட்டு இருக்குங்க," என்றாள் மனைவி. "அப்ப இருந்தே கத்திக்கிட்டு இருக்கு."

ஒயர்களை அவள் விடாமல் பிடித்திருக்க, அவர் குனிந்து பீப்பரை உள்ளங்கையில் வாங்கிக் காதோடு ஒட்டிவைத்தார். உள்ளங்கையில் அதன் அதிர்வு தெரிந்தது. சத்தம் மட்டும் இல்லை.

அப்புறம் என்ன? ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். பெட்ரோல் நல்ல பெட்ரோல். பிஸ்டன் நல்ல பிஸ்டன். லேத்துக்காரனின் ஏழு தலைமுறையும் ஒரு பாவமும் அறியாதவர்கள். வருஷக்கணக்காக உறுமலுக்கும் அரைவைக்கும் நடுவில் நின்றதில், காது சன்னமான சத்தங்களை ஒவ்வொன்றாகக் கைவிட்டிருக்கிறது, இவர்தான் கவனிக்கவில்லை. கல் சத்தம் தனக்குக் கேட்கிறவரை ஏற்று ஏற்று என்று ஏற்றி, மூன்று இன்ஜின்களையும் தன் கட்டைவிரலாலேயே கொன்றிருக்கிறார். மகளை இரண்டு தடவை பாதி மலையில் நிறுத்தியது இந்தக் காதுதான்.

இதெல்லாம் புரிந்ததும் ஒரு மனுஷன் உட்கார்ந்து அழலாம், அல்லது மன்னிப்புக் கேட்கலாம். பாம்புச்செவி கோபித்துக்கொண்டார். பீப்பரை மேசையில் வைத்து, "அப்ப நீங்களே பாத்துக்கோங்க!" என்று சொல்லிவிட்டு, வெளியே போய் வேனில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். அவமானமாக இருந்தது. அவமானத்தைவிடப் பயமாக இருந்தது. இந்தக் காது இல்லாவிட்டால் தான் யார்? கையில் கிரீஸ் படிந்த இன்னொரு ஆள். தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள்.

அன்றிலிருந்து வீட்டில் சங்கு வசனம் நின்றுபோனது. துணி மிஷின் கத்தினால் மனைவியே எழுந்துபோய் அமுக்கினாள், ஒரு வார்த்தை சொல்லாமல். திட்டு வாங்காமல் இருப்பது இவ்வளவு கஷ்டம் என்று அவருக்கு அதுவரை தெரியாது. டாக்டரிடம் போகலாமா என்று அவள் கேட்டபோது மட்டும், "பந்தயம் முடியட்டும்" என்றார்.

குழாய் மகள் காதுக்குப் போனது. அவள் கேட்டுக் கேட்டுச் சொல்ல, மச்சினன் டைமிங்கை இறக்கினான். எது கேம் சத்தம், எது கல் சத்தம் என்று அவள் பிரித்துச் சொன்னதை வைத்துச் சென்சாருக்கும் பழக்கினான். நாக்கிங் வந்தால் டேஷ்போர்டில் ஒரு சிவப்பு விளக்கு எரியும்படி ஏற்பாடு செய்தான். பாம்புச்செவி ஒதுங்கி நின்று பார்த்தார். தான் கட்டிய இன்ஜினுக்குத் தானே விருந்தாளி. "இது போதுமாப்பா?" என்று மகள் கேட்டபோதெல்லாம், "உங்க இஷ்டம்" என்றார். அவர் காதுக்கு இன்ஜின் மந்தமாக இருந்தது. பல்லைப் பிடுங்கிவிட்ட நாய் மாதிரி. ஆனால் அவர் காதைத்தான் யாரும் கேட்கவில்லையே.

பந்தய நாள் காலை. அடிவாரத்தில் கார்கள் வரிசையாக நின்றன. பெரிய டீமின் கார் பக்கத்திலேயே ஸ்டார்ட் ஆகி உறுமியது. அந்த உறுமல் நெஞ்சில் வந்து மோதியது. அது சன்னச் சத்தம் இல்லையே, அவருக்கு நன்றாகவே கேட்டது. தங்கள் காரைப் பார்த்தார். உள்ளே எத்தனை பலம் இருக்கிறது என்று கட்டிய அவருக்குத் தெரியும். இவர்கள் பயந்து பயந்து அதைக் கட்டிப்போட்டு வைத்திருக்கிறார்கள். மகள் ஹெல்மெட் எடுக்கப் போயிருந்தாள். மச்சினன் டயரில் காற்று பார்த்துக்கொண்டிருந்தான். பானெட் திறந்திருந்தது.

ஊதலின் திருகு விரல் நுனி அளவுதான். அரைத் திருகு போதும், அதற்குமேல் வேண்டாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். யாருக்கும் தெரியப்போவதில்லை. அவள் ஜெயித்து வந்து நிற்கும்போது, பார்த்தீர்களா என்று ஒரு பார்வை பார்த்தால் போதும். திருகினார். பானெட்டைச் சாத்தினார். கையைத் துணியில் துடைத்தார். இதில் முட்டாள்தனம் இருந்ததா? இருந்தது. அந்த நிமிஷத்தில் அது அவருக்கு முட்டாள்தனமாகத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

மனைவியோடு வேனில் முன்கூட்டியே உச்சிக்குப் போய், கடைசி வளைவுக்கு அருகில் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒலிபெருக்கியில் என்னவோ சொன்னார்கள். குழப்படியாக இருந்தது. "நம்ம பொண்ணு பாதி தூரம் வந்துட்டா. இதுவரைக்கும் அவதான் முன்னால," என்று மனைவி அவர் தோளைத் தொட்டு, முகத்துக்கு நேரே சொன்னாள். அவர் வேலியை இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

கார் வளைவில் வெளிப்பட்டது. என்ன வேகம்! பின்சக்கரம் ஓரத்துச் சரளையை வாரி இறைத்தது. "போ! போ!" என்று அவர் கத்தினார். நேரான கடைசித் துண்டு மட்டும்தான் பாக்கி. அப்போது உறுமல் பட்டென்று இறங்கியது. மகள் காலை எடுத்துவிட்டாள். புகை இல்லை, உடைசல் இல்லை, வேண்டுமென்றே எடுத்துவிட்டாள். கார் மிதமான ஓட்டத்தில் கோட்டைத் தாண்டியது.

"ஏன்டி காலை எடுத்த? ஏன்டி!" பாம்புச்செவி வேலியை உதைத்தார். பெரிய டீமின் கார் அடுத்து ஏறி வந்தது. கண் இமைக்கும் நேர வித்தியாசத்தில் அதுதான் முதல் என்று மனைவி கேட்டுச் சொன்னாள்.

திட்டுவதற்கு வார்த்தைகளைத் தயார் செய்துகொண்டே ஓடினார். காரைச் சுற்றி நாலைந்து பேர் நின்றார்கள். சாலையை அடைக்கும் முன்பே வேறு வண்டியில் ஏறி வந்திருந்த மச்சினனும் அங்கே இருந்தான். மகள் ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, கதவைத் திறந்து உட்கார்ந்திருந்தாள். இன்ஜின் சீராக ஓடிக்கொண்டிருந்தது. முதல் தடவையாக அவர் கட்டிய ஓர் இன்ஜின் இந்த உச்சியில் நின்று ஓடுகிறது. டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு அணைந்திருந்தது.

"கடைசி நேர் ரோட்டுல விளக்கு எரிஞ்சுச்சு," என்றாள் மகள், மச்சினனிடம். "அணையவே இல்ல. மிதிச்சிருந்தா ஜெயிச்சிருப்பேன், இன்ஜின் போயிருக்கும். மாமா, ஊதலை ஏத்தினீங்களா?"

"சத்தியமா இல்லம்மா. நாம வச்ச இடத்தைவிட்டு நான் தொடவே இல்ல."

அவள் அப்பாவைப் பார்த்தாள். கோபமான பார்வை இல்லை. அதைவிட மோசமான பார்வை.

"நீங்க தொட்டீங்களாப்பா?"

மெதுவாகத்தான் கேட்டாள். சுற்றிலும் இன்ஜின்களும் ஒலிபெருக்கியும். மனைவி முந்திக்கொண்டாள்: "அவருக்கு இந்தச் சத்தத்துல கேட்டிருக்காதுடி. அப்புறமா நான் வீட்டுல கேட்டுச் சொல்றேன், விடு."

அங்கே இருந்த அத்தனை பேரும் அதை நம்பினார்கள். தலையை லேசாகச் சாய்த்து, புரியாதவர்போல் ஒரு சிரிப்புச் சிரித்தால் போதும். பழுதான காதுக்கு இப்படியும் ஓர் உபயோகம் உண்டு என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. வாழ்நாளெல்லாம் கேட்காததை எல்லாம் கேட்டுச்சு கேட்டுச்சு என்று சொன்னவர். இன்றைக்கு ஒரே ஒரு தடவை, கேட்டதைக் கேட்கவில்லை என்று விட்டுவிட்டால் தப்பித்துவிடலாம்.

"கேட்டுச்சு," என்றார். "நான்தான் திருகினேன். காலைல. அரைத் திருகு."

மனைவி வேறு பக்கம் பார்த்தாள். மகள் சாவியைத் திருப்பி இன்ஜினை நிறுத்தினாள். இறங்கிப்போய் பானெட்டைத் தூக்கி, அவருக்கு முதுகைக் காட்டியபடி குனிந்து நின்றாள். திருகை அவள் விரல்கள் பழைய இடத்துக்குக் கொண்டுபோவதை அவர் பார்த்தார். குனிந்த வாக்கில் என்னவோ சொன்னாள். தோள் அசைந்ததில்தான் அது தெரிந்தது. போகிறேன் என்று சொன்னாளா? இருக்கிறேன் என்று சொன்னாளா? வழக்கம்போலத் தலையாட்டிவைக்கக் கழுத்து தானாகக் கிளம்பியது. பிடித்து நிறுத்தினார்.

இரண்டடி முன்னால் போய் நின்றார்.

"எனக்குக் கேக்கலம்மா," என்றார். "இன்னொரு தடவை சொல்லு."

அவள் நிமிர்ந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு, அவர் பக்கம் திரும்பி, முகத்துக்கு நேரே நின்று சொன்னாள்.

"ஸ்பேனர் டப்பாவை எடுத்துட்டு வாங்கன்னு சொன்னேன்பா. அடுத்த வருஷத்துக்கு இந்தத் திருகை அசையாம கட்டி வைக்கணும்."